திருநெல்வேலி வட்டாரத்தில் விபத்து இழப்பீட்டு வழக்குகள்: ஒரு வரலாறு

விபத்தில் கை, கால், கண் அல்லது முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுப் பழைய பிழைப்புக்குத் திரும்ப முடியாமல் போனவர்களுக்காக இழப்பீடு கேட்டு வழக்காடுவது இன்று வழக்கறிஞர் தொழிலில் தனியொரு பிரிவாக வளர்ந்துள்ளது. இங்கிலாந்தில் இந்த வேலையைப் பெரும்பாலும் சொலிசிட்டர்கள் செய்கின்றனர். அங்கே கட்சிக்காரரிடம் பேசி வழக்கை உருவாக்குபவர் ஒருவர், உயர் நீதிமன்றத்தில் வாதாடுபவர் பெரும்பாலும் வேறொருவர். சென்னை உயர் நீதிமன்றத்திலும் ஒரு காலத்தில் 'அட்டர்னி' என்ற பெயரில் அப்படிப்பட்டவர்கள் இருந்தனர். ஆனால் திருநெல்வேலி, அம்பாசமுத்திரம், தென்காசி போன்ற மொபசல் ஊர்களில் அந்தப் பிரிவினை இருந்ததில்லை. நோட்டீஸ் அனுப்புவது, மனு தயாரிப்பது, சாட்சியை விசாரிப்பது, வாதாடுவது எல்லாம் ஒரே வக்கீலின் வேலை. பிளீடர், வக்கீல் என்றிருந்த தரவேறுபாடுகளை ஒழித்து 'வழக்கறிஞர்' என்ற ஒரே வகுப்பை உண்டாக்கியது 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம்.

தாமிரபரணி பாயும் இந்த வட்டாரத்தில் இவ்வழக்குகளின் வரலாற்றை ஆலை, சாலை என்ற இரண்டு இடங்களை வைத்தே சொல்லிவிடலாம். இரண்டிலும் சேராத பனைமரத்தையும் பீடித்தட்டையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஆலைகள் வந்த காலம்

1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணியின் நீர்விசையைக் கொண்டு பஞ்சாலை தொடங்கினர். பின்னர் தூத்துக்குடியில் கோரல் மில் வந்தது. தூத்துக்குடி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். 1986இல்தான் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. வயலிலும் கடலிலும் உழைத்துப் பழகிய குடும்பங்கள் முதன்முறையாகச் சுழலும் உருளைகளுக்கும் ஓடும் பட்டைகளுக்கும் நடுவில் நின்று வேலை செய்யத் தொடங்கின. அந்தக் காலத்து ஆலைகளில் ஒரே நீண்ட இருசிலிருந்து தோல்பட்டைகள் வழியாகப் பல இயந்திரங்களுக்கு விசை சென்றது. வேட்டி நுனியோ கையோ பட்டையில் சிக்கினால் இயந்திரத்தைச் சட்டென்று நிறுத்த வழியில்லை.

1881ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இயந்திரங்களுக்கு வேலி அமைக்கச் சொன்னது. 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளுக்கே அது பொருந்தியது. 7 வயதுக் குழந்தையை வேலைக்கு வைக்கவும் அனுமதித்தது. அடிபட்டவருக்குப் பணம் கொடுப்பது பற்றி அதில் எதுவும் இல்லை.

இறந்தவர்களுக்கு மட்டும் ஒரு சட்டம் இருந்தது. 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டம், பிறர் குற்றத்தால் ஒருவர் இறந்துபோனால் அவருடைய மனைவி, மக்கள், பெற்றோர் வழக்குத் தொடர வழி செய்தது. கை போய் உயிர் பிழைத்தவருக்குத் தனிச் சட்டம் எதுவும் இல்லை. அவர் உரிமையியல் நீதிமன்றத்தில் கேட்கும் தொகைக்கு ஏற்ற முத்திரைக் கட்டணம் கட்டி, முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். அதற்கு ஆங்கிலேயச் சட்டம் முதலாளிக்குக் கொடுத்திருந்த எதிர்வாதங்கள் வலுவானவை. 'உடன் வேலை செய்தவன் தவறால் நடந்தது, நான் பொறுப்பல்ல' என்பது ஒன்று. 'ஆபத்து தெரிந்தேதானே வேலைக்கு வந்தாய்' என்பது இன்னொன்று. மாதம் சில ரூபாய் கூலி வாங்கியவர் இவற்றைத் தாண்டி வழக்கை வெல்வது நடக்கிற காரியமாக இருக்கவில்லை.

1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். முன்னின்று நடத்திய வ.உ.சிதம்பரம் பிள்ளை ஒட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் தொழில் நடத்திய வக்கீல். கூலி உயர்வும் வார விடுமுறையும் அந்தப் போராட்டத்தில் கிடைத்தன. வக்கீல் ஒருவர் ஆலைத் தொழிலாளர் பக்கம் வெளிப்படையாக நின்றதற்கு இவ்வட்டாரத்தின் முன்னோடி நிகழ்வு இதுவே. ஆனால் அவர் நின்றது தெருவிலும் கூட்ட மேடையிலும்தான். தொழிலாளிக்காக நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டச் சட்டம் இருக்கவில்லை. அதே ஆண்டு ராஜதுரோக வழக்கில் அவருக்குத் தண்டனை கிடைத்தது, வக்கீல் சன்னதும் பறிபோனது.

உறுப்புகளின் விலைப்பட்டியல்

ஜெர்மனி 1884இலும் பிரிட்டன் 1897இலும் தொழிலாளர் விபத்துக்குச் சட்டம் இயற்றின. இந்தியாவில் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் 1923இல் நிறைவேறி, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை, வேலையின்போது வேலை காரணமாக அடிபட்டது என்று காட்டினால் போதும் என்பதே இதன் உயிர்நாடி. விசாரிப்பவர் சாதாரண நீதிபதி அல்லர், 'ஆணையர்'. வக்கீல் மட்டுமல்லாமல் தொழிற்சங்க நிர்வாகியும் தொழிலாளிக்காக ஆஜராகலாம். இந்த இரண்டாவது ஏற்பாடு வக்கீல் கட்டணம் கொடுக்க முடியாதவர்களுக்குப் பெரிய உதவி.

1923 சட்டத்தில் ஒரு நுட்பம் இருந்தது. வயதுவந்த தொழிலாளி இறந்தால் 30 மாதச் சம்பளம், உச்சவரம்பு 2,500 ரூபாய். வாழ்நாள் முழுவதும் எந்த வேலையும் செய்ய முடியாதபடி முடங்கிப்போனால் 42 மாதச் சம்பளம், உச்சவரம்பு 3,500 ரூபாய். உயிரோடு இருந்து முடங்கிக் கிடப்பவருக்குச் செலவு அதிகம் என்பதைச் சட்டம் அன்றே ஒப்புக்கொண்டது. தொகைகள் சிறியவை, ஆனால் கணக்கு சரியானது. பின்னாளில் வந்த மோட்டார் வாகனச் சட்டம் தவறு பார்க்காமல் உடனடியாகக் கொடுக்கும் தொகையில் இதற்கு நேர்மாறாக, முடமானவருக்கு இறந்தவரைவிடக் குறைவாகத்தான் வைத்தது.

பகுதி ஊனங்களுக்குச் சட்டத்தின் முதல் அட்டவணை ஒரு பட்டியல் தந்தது. வலது கை முழங்கைக்கு மேல் போனால் 70 சதவீதம். இடது கை என்றால் 60. ஒரு கண் 30. கட்டைவிரல் 25. ஆள்காட்டி விரல் 10. மற்ற விரல் ஒவ்வொன்றும் 5. மாதம் 20 ரூபாய் வாங்கிய ஒருவருக்குக் கட்டைவிரல் போனால் என்ன கிடைத்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 42 மாதச் சம்பளம் 840 ரூபாய், அதில் 25 சதவீதம் 210 ரூபாய். நூல் அறுந்தால் இணைக்கும் வேலையில் கட்டைவிரல் இல்லாதவரை ஆலை வைத்துக்கொள்ளுமா என்ற கேள்விக்குப் பட்டியலில் இடமில்லை.

பின்னர் பட்டியல் திருத்தப்பட்டது. வலது, இடது வேறுபாடு நீங்கியது. கட்டைவிரல் 30 ஆயிற்று, ஆள்காட்டி விரல் 14, எலும்பு போகாமல் அதன் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5. தோளோடு கை போனால் 90. அங்குல அளவுகளை மெட்ரிக் அளவுக்கு மாற்றியதால் தோள் முனையிலிருந்து 20.32 சென்டிமீட்டர் என்பது போன்ற விசித்திரமான எண்களும் அதில் உண்டு. இந்த வழக்குகளை நடத்தும் வக்கீல்கள் உடற்கூறு நூலைப் படிப்பதுபோல இந்த அட்டவணையைப் படித்திருப்பார்கள்.

1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம், மக்கள் வாயில் 'இ.எஸ்.ஐ.', மொத்தத் தொகைக்குப் பதிலாக மாதாமாதம் வரும் உதவித்தொகையையும் மருத்துவத்தையும் கொண்டுவந்தது. இ.எஸ்.ஐ.யில் சேர்ந்த தொழிலாளி அதே காயத்துக்கு முதலாளியிடம் தனியாக நஷ்ட ஈடு கேட்க முடியாது. மொத்தமாக வாங்கி ஒரே ஆண்டில் செலவழிந்துபோன குடும்பங்களை நினைத்தால் மாதத் தொகையே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. மாறுபட்டுச் சொல்பவர்களும் உண்டு.

1923ஆம் ஆண்டுச் சட்டம் 2010இல் 'பணியாளர் இழப்பீட்டுச் சட்டம்' என்று பெயர் மாறியது. 2020இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இதையும் ஓர் அத்தியாயமாகத் தன்னுள் எடுத்துக்கொண்டது.

சாலை வழக்குகள்

மோட்டார் வாகனச் சட்டம் 1939இல் வந்தது. மூன்றாம் நபருக்கு ஏற்படும் பாதிப்புக்காகக் கட்டாயக் காப்பீடு 1946 ஜூலை முதல் நடைமுறையானது. அப்போதும் அடிபட்டவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. 1956இல் வந்த திருத்தம் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களை உருவாக்கியது. நடைமுறையில் மாவட்ட நீதிபதியோ சார்பு நீதிபதியோதான் தீர்ப்பாயம். கட்டணம் சொற்பம். இந்த மனுக்களுக்கு நம் பகுதியில் 'எம்.சி.ஓ.பி.' என்று பெயர். பாளையங்கோட்டையில் உள்ள மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இந்த நான்கெழுத்தைக் கேட்காமல் ஒரு நாளும் கழியாது.

மனு போடக் காலக்கெடு முதலில் 60 நாள், பிறகு 6 மாதம். முதுகுத்தண்டு முறிந்தவர் ஆறு மாதமும் மருத்துவமனைக் கட்டிலில்தான் இருப்பார். 1994ஆம் ஆண்டுத் திருத்தம் காலக்கெடுவை முழுவதுமாக நீக்கியது. 2019இல் நிறைவேறி 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் 6 மாதக் கெடு மறுபடியும் நுழைந்துவிட்டது. பின்னோக்கிய அடி என்றே இதைச் சொல்ல வேண்டும்.

1994 திருத்தத்தின் இன்னொரு பகுதி திருநெல்வேலிக்காரர்களுக்குத் தனிப் பயன் தந்தது. அதுவரை விபத்து நடந்த எல்லைக்குட்பட்ட தீர்ப்பாயத்தில்தான் மனு போட முடியும். சென்னையிலும் திருப்பூரிலும் மும்பையிலும் வேலை பார்க்கப் போய் அங்கே அடிபட்டு ஊர் திரும்பியவர்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அங்கே போக வேண்டியிருந்தது. திருத்தத்துக்குப் பின் மனுதாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்றாயிற்று. சேரன்மகாதேவிக்காரர் ஒருவர் திருப்பூரில் அடிபட்டாலும் அவருடைய வக்கீல் பாளையங்கோட்டையிலேயே மனு போடலாம். மேல்முறையீடு மட்டும் சென்னைக்கு இராத்திரி இரயிலில் போக வேண்டிய தூரத்தில் இருந்தது. 2004 ஜூலை 24 அன்று மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை தொடங்கிய பிறகு அந்தப் பயணமும் குறைந்தது.

ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிக்காமல் இழப்பீடு இல்லை என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 1982இல் நாடாளுமன்றம் தவறு பார்க்காமல் கொடுக்கும் இடைக்காலத் தொகையைச் சட்டத்தில் சேர்த்தது. இறப்புக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500. 1988ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் இவை 25,000, 12,000 ஆயின. 1994இல் 50,000, 25,000. மேலே நான் சொன்ன தலைகீழ் கணக்கு இதுதான். 2022 ஏப்ரல் முதல் இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் என்று தொகை உயர்ந்தது, விகிதம் அப்படியே நிற்கிறது. மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் மட்டுமே.

சதவீதம் என்னும் சிக்கல்

காயவழக்குகளின் போராட்டம் எல்லாம் ஒரு சதவீதத்தில் வந்து முடிகிறது. நீதிமன்றத் தாள்களில் இன்னமும் 'ஊனம்' என்றே எழுதுகிறார்கள். மருத்துவர் சாட்சிக் கூண்டில் ஏறி, '40 சதவீத நிரந்தர ஊனம்' என்று சொல்வார். அது எதில் 40 சதவீதம்? ஒரு காலிலா, முழு உடம்பிலா, அல்லது சம்பாதிக்கும் திறனிலா? இந்தக் கேள்வியைக் கேட்காமலே பல தீர்ப்புகள் எழுதப்பட்டன.

தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் ஒரு வழக்கம் வேரூன்றியது. ஒரு சதவீத ஊனத்துக்கு இத்தனை ரூபாய் என்று வைத்துப் பெருக்குவது. முதலில் 1,000 ரூபாய், பிறகு 2,000, 3,000, 5,000 என்று ஏறியது. வேகமான முறை, எல்லாருக்கும் புரியும் முறை. ஆனால் 3,000 ரூபாய் வீதத்தில் 40 சதவீதத்துக்குக் கிடைப்பது 1,20,000 ரூபாய்தான். நெல்மூட்டை சுமந்து பிழைத்தவருக்கும், கால் சற்றுத் தாங்கி நடந்தாலும் சம்பளம் குறையாத அலுவலகப் பணியாளருக்கும் அதே தொகை.

இன்னொரு முறை பெருக்கல்காரணி முறை. ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்குவது. 2009இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த எண்களை ஒழுங்குபடுத்தியது: 25 வயது வரை 18, 31 முதல் 35 வயது வரை 16, 46 முதல் 50 வரை 13, 65ஐத் தாண்டினால் 5. மாதம் 12,000 ரூபாய் சம்பாதித்த 32 வயதுச் சுமைதூக்கும் தொழிலாளிக்கு ஆண்டு வருமானம் 1,44,000. 16ஆல் பெருக்கினால் 23,04,000. சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் போயிற்று என்றால் 9,21,600. முழுவதுமே போயிற்று என்று வக்கீல் நிரூபித்தால் 23,04,000. சதவீதத்துக்கு 3,000 என்று பெருக்கி வந்த 1,20,000ஐயும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வக்கீலின் உழைப்பு எங்கே பயன்படுகிறது என்பது விளங்கும்.

எல்லாக் காயத்துக்கும் இந்தப் பெருக்கலைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது, அடிபட்டவர் என்ன வேலை செய்தார், அந்த வேலை உண்மையில் பாதிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும் என 2005இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இருநீதிபதி அமர்வு சொன்னது. இதன் வேர் பழையது. 1968இல் ஒரு சினிமா கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்து, இடது கை முழங்கைக்கு மேல் வெட்டி எடுக்கப்பட்டது. பட்டியல்படி அது பகுதி ஊனம்தான். ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவருக்கு 100 சதவீத இழப்பே என்று ஆணையர் சொன்னார். 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தொழிலாளர் நஷ்ட ஈடு விபத்து நடந்த நாளிலேயே கொடுக்கப்பட வேண்டியதாகிறது என்று சொன்னதும் இந்தத் தீர்ப்பே.

2010இல் உச்ச நீதிமன்றம் மோட்டார் விபத்து வழக்கு ஒன்றில் இந்தப் பாடத்தை விரிவாகச் சொன்னது. இடது கை போனால் மருத்துவர் 60 சதவீதம் என்பார். ஓட்டுநருக்கோ தச்சருக்கோ அது ஏறக்குறைய 100 சதவீதம். அரசு அலுவலக எழுத்தருக்கு வேலையே போகாமலும் இருக்கலாம். முதலில் அடிபட்டவர் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று தீர்ப்பாயம் பார்க்க வேண்டும், பிறகு அவர் செய்துவந்த தொழிலைப் பார்க்க வேண்டும், கடைசியில்தான் சதவீதம். சிகிச்சை அளிக்காமலே தாராளமாக ஊனச் சான்று எழுதித்தரும் மருத்துவர்களையும் அத்தீர்ப்பு கண்டித்தது. ஐயம் இருந்தால் மருத்துவக் குழுவுக்கு அனுப்பலாம் என்றது. 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும், ஊரார் சொல்லும் 'ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி', இவ்வட்டாரத்தில் இதற்கு ஏற்ற இடமாக உள்ளது.

அடுத்தது பராமரிப்பு. கழுத்துக்கோ இடுப்புக்கோ கீழே உணர்வற்றுப்போனவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப்புண். சிறுநீர்க் குழாய், அதனால் வரும் தொற்று, அதற்கு மருந்து. இதை வீட்டில் செய்வது மனைவியோ தாயோ. அவர்கள் கூலி வாங்குவதில்லை என்பதால் அது செலவே இல்லை என்று நெடுங்காலம் நினைத்துவந்தார்கள். 2020 பிப்ரவரியில் ஹரியானாவைச் சேர்ந்த, 12 வயதில் விபத்தில் மூளை பாதிக்கப்பட்ட சிறுமியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் பராமரிப்புக்கும் பெருக்கல்காரணி முறையைப் பயன்படுத்தியது. இரண்டு உதவியாளர்களுக்கு மாதம் தலா 5,000 ரூபாய், 12 மாதம், காரணி 18. மொத்தம் 21,60,000 ரூபாய். விபத்து நடந்தது 2007இல். தொகை கிடைக்க 12 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

வழக்கைக் கட்டுவது

நீதிமன்றத்தில் பேசுவதைவிட அதற்கு முன்னால் காகிதங்களைச் சேர்ப்பதே இந்த வக்கீல்களுக்குப் பெரிய வேலை. முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல் ('ஏ.ஆர். காப்பி' என்றால்தான் குமாஸ்தாக்களுக்குப் புரியும்), காயச் சான்று, மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, சம்பவ இடத்தின் வரைபடம், டிஸ்சார்ஜ் தாள், மருந்துச் சீட்டுகள். மயங்கிக் கிடந்தவரை யாரோ மருத்துவமனையில் சேர்க்கும்போது 'தவறி விழுந்தார்' என்று ஏ.ஆர். பதிவேட்டில் எழுதிவிட்டால், அந்த ஒரு சொல்லை வைத்தே காப்பீட்டு நிறுவனம் பல ஆண்டுகள் வழக்கை இழுக்கும்.

வருமானத்தை நிரூபிப்பது இன்னும் கடினம். சம்பளச் சீட்டு உள்ளவர்களுக்கு எளிது. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண் ஒருவர் மினிபஸ் மோதி வலது கை விரல்கள் மடங்காமல் போய்விட்டால் என்ன செய்வது? 'குடும்பப் பெண்' என்று மனுவில் எழுதிவிட்டால் மதிப்பு ஒரு மாதிரி. பீடித் தொழிலாளி என்று எழுதினால் வேறு மாதிரி. இலையும் தூளும் கொடுத்ததையும் பீடி வாங்கியதையும் குறித்து வைக்கும் பாஸ்புத்தகம், பீடித் தொழிலாளர் அடையாள அட்டை, வருங்கால வைப்புநிதிக் கணக்கு ஆகியவற்றைத் தேடி எடுக்கச் சொல்லும் வக்கீல்தான் நல்ல வக்கீல். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்றே கொண்டது. பீடி சுற்றுவது முழுக்க விரல் வேலை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாமல் ஓர் இலையைக்கூட மடிக்க முடியாது. இதை நீதிபதிக்குப் புரிய வைக்க ஒரு தட்டும் நாலு இலையும் கொண்டுபோய்க் காட்டினாலும் தகும்.

கல் குவாரி வழக்குகள் வேறு வகை. 2022 மே 14 இரவு திருநெல்வேலிக்கு அருகே அடைமிதிப்பான்குளத்தில் குவாரியில் பாறை சரிந்து 6 பேர் சிக்கினர். 2 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர், 4 பேர் இறந்தனர். இப்படிப்பட்ட இடங்களில் 'இவர் என் ஆள் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள்' என்ற வாதம் எப்போதும் எழக்கூடியது. 1923 சட்டத்தின் 12ஆம் பிரிவு அதற்கு முன்கூட்டியே பதில் வைத்திருந்தது: தன் தொழிலுக்கான வேலையை ஒப்பந்தக்காரர் மூலம் செய்வித்தாலும் மூல முதலாளியே இழப்பீட்டுக்குப் பொறுப்பு.

முதலாளி இல்லாதவர்கள்

பனையேறிகளின் நிலை இந்த வரலாற்றில் ஆறாத பகுதி. பனையிலிருந்து விழுந்தால் பெரும்பாலும் முறிவது முதுகுத்தண்டு அல்லது இடுப்பு. நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பனை சீவும் வேலை பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருந்தது. சட்டம் எழுதியவர்களுக்கு அந்த ஆபத்து தெரிந்திருக்கிறது. ஆனால் இழப்பீடு கொடுக்க ஒரு முதலாளி வேண்டும். மரத்தைப் பாட்டத்துக்கு எடுத்துத் தானே ஏறி, மனைவி பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி விற்கும் குடும்பத்தில் முதலாளி யார்? வக்கீலிடம் போனாலும் எதிர்மனுதாரர் என்று எழுத ஒரு பெயர் கிடைக்காது. அவர்களுக்கு மிஞ்சியது அரசின் நலவாரிய உதவித்தொகை. அது பதிவு செய்திருந்தால் கிடைக்கும். தொகை நிர்ணயமானது, வயது, வருமானம், காரணி எதுவும் அதில் இல்லை. பேருந்து மோதியவருக்கும் பனையிலிருந்து விழுந்தவருக்கும் முறிந்தது ஒரே எலும்பாக இருக்கலாம்.

தீர்ப்புக்குப் பின்

தீர்ப்பு வந்தவுடன் பணம் வந்துவிடாது. 7.5 சதவீத வட்டியுடன் என்று தீர்ப்பு சொல்லும், மேல்முறையீடு போகும். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் காப்பீடு எடுக்காமல் தனி நிதி வைத்துக்கொள்ளச் சட்டத்தில் விலக்கு உண்டு. திருநெல்வேலிப் பகுதியில் 1974இல் உருவான கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகமும் அதன் வழிவந்த இன்றைய கோட்டமும் இந்த வகையே. பணம் கட்டப்படாதபோது வக்கீல் நிறைவேற்று மனு போடுவார், அமீனா பேருந்து நிலையத்துக்குப் போய்ப் புறப்பட இருக்கும் பேருந்தில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டுவார், பயணிகள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். 'இழப்பீடு வழங்காத அரசு பஸ் ஜப்தி' என்பது தமிழ் நாளிதழ்களில் சலித்துப்போன செய்தி. அந்தச் செய்தியில் அடிபட்டவருக்கு ஒரு வரிதான் கிடைக்கும்.

வெற்றி பெற்றால் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவதை இந்திய வழக்கறிஞர் கழக விதிகள் தடுக்கின்றன. அமெரிக்காவில் இது சர்வ சாதாரணம். இங்கே தடை இருந்தும் வாய்ப்பேச்சில் நடப்பதுண்டு; மருத்துவமனை வாசலிலேயே கட்சிக்காரரைப் பிடிக்கும் தரகர்களும் உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் இலவச வக்கீல் உதவி கேட்க உரிமை இருக்கிறது என்பது தெரியாமலே பலர் அவர்களிடம் போய் மாட்டுகிறார்கள். அதே சட்டம் தந்த மக்கள் நீதிமன்றத்தில் பணம் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் அதன் முடிவுக்கு மேல்முறையீடு இல்லை. சுளுக்குக்கும் சிறு எலும்பு முறிவுக்கும் அது நல்ல இடம். ஆயுள் முழுக்கப் பராமரிப்பு தேவைப்படும் ஒருவருக்கு அங்கே அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடுவது பெரிய நஷ்டமாக முடியலாம்.

மொத்தத் தொகையைக் கையில் கொடுத்தால் உறவினர் வாங்கிப் போய்விடுவார்கள் என்ற அச்சம் நீதிமன்றங்களுக்கும் இருந்தது. சிறுவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஆகியோரின் தொகையை வங்கியில் நீண்டகால வைப்பாகப் போட்டு வட்டியை மட்டும் எடுக்க விட வேண்டும் என்று 1993இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. அதன் விளைவாக, அவசர அறுவைச் சிகிச்சைக்குத் தன் பணத்தையே எடுக்க மறுபடி வக்கீலைத் தேடி மனு போட வேண்டியும் வந்தது.

பணம் வந்த பிறகு எங்கே போவது என்பது தனிக் கேள்வி. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் இயங்கும் அமர் சேவா சங்கம் அதற்கு ஒரு பதில். அதைத் தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975இல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தமக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாகல் நினைவாகச் சங்கத்துக்குப் பெயரிட்டு, 1981இல், சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டில், சொந்த ஊரிலேயே தொடங்கினார். அவருக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. முதுகுத்தண்டு முறிந்தவர்கள் அங்கே தங்கிச் சக்கர நாற்காலிக்கு ஏறி இறங்கவும், படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்ளவும், உட்கார்ந்தே செய்யக்கூடிய தொழிலைப் பழகவும் செய்கிறார்கள். பனையிலிருந்து விழுந்தவரும் அங்கே சேர்ந்து பயிற்சி பெறலாம். எம்.சி.ஓ.பி. எண் தேவையில்லை.